பாய்மரத்தில் பாதி வழி

"கயிறு ஏறுறப்போ கையை நம்பு, காலைப் பாக்காதே. பாத்தா…" என்று பல் டாக்டரின் பெரியப்பா ஏதோ சொல்வார். சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். பார்த்தால் என்ன ஆகும் என்பது மட்டும் டாக்டருக்கு மறந்துபோய்விட்டது.

மறந்தால் போகிறது! நூற்று நாற்பது வயதான பாய்மரக் கப்பல். கடலில் ஓடி ஓய்ந்து, இப்போது அருங்காட்சியகமாகக் கரையோரம் நிற்கிறது. மாதத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதன் நடுமரத்தில் முதல் மேடை வரைக்கும் பார்க்க வந்தவர்களை ஏற்றுகிறார்கள். வரிசையில் முதலில் ஒரு தபால்காரர், அடுத்து டாக்டர். பின்னால் முப்பது பேர்.

"நாலு மாடி உயரம் அத்தான்," என்றான் மச்சினன். "விழுந்தா பல்லு போயிடும். உங்களுக்கு யாரு கட்டிவிடுவா?"

"வாயை மூடு மாப்ளே. நான் திறக்கச் சொன்னாத்தான் திறக்கணும்."

"என்னங்க, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" மனைவி.

"போட்டாச்சு, போட்டாச்சு!"

ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் 'பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது' என்று சொல்கிற தொழில். அவரே பயந்தால் ஊர் சிரிக்காதா?

மரத்தடியில், ஏறுபவர்களுக்கு இடுப்பில் பாதுகாப்புப் பட்டை மாட்டிவிடும் பெண் நின்றிருந்தாள். கழுத்தில் விசில், ஊருக்கே கேட்கும் குரல். வந்த ஐந்தாவது நிமிடமே மச்சினன் அவளுக்குக் 'கண்டக்டர்' என்று பெயர் வைத்துவிட்டான்.

"மூச்சை இழுங்க சார். இன்னும். தொப்பையையும் சேர்த்து இழுங்க." பட்டையை இறுக்கிக் கொக்கியை மாட்டினாள். "ரைட்! போலாம்!"

முதலில் ஏறிய தபால்காரர் மேடையிலிருந்து கையாட்டினார். டாக்டர் கயிற்று ஏணியில் கால் வைத்தார். பத்துப் படி. இருபது படி. காலடியில் கயிறு முனகியது. கப்பலின் தளம் சுருங்கிச் சுருங்கித் தாம்பாளம் அளவுக்கு வந்தது. சுற்றிலும் கடல், வெயிலில் தகதகவென்று!

"அத்தான், இங்க பாருங்க, போட்டோ!"

"எடு, எடு! நல்லா எடு!"

பாதி வழியில் சற்று நின்றார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

"என்ன அத்தான், அங்கேயே குடித்தனமா?"

"கடலைப் பாக்கறேன்டா!"

கண்டக்டர் அணில் மாதிரி ஏறி அவர் பக்கத்தில் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் விசில் பறந்தது.

"காத்து கூடிடுச்சு! இன்னிக்கு இவ்வளவுதான்! எல்லாரும் இறங்கணும்!"

கீழே வரிசை கொந்தளித்தது. "எந்தக் காத்து? என் தலைமுடி கூட ஆடலையே!" என்றார் ஒரு வழுக்கைத் தலைக்காரர். கோபத்தில் யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

கண்டக்டர் டாக்டரோடு கூடவே இறங்கினாள், ஒவ்வொரு படியாக. தபால்காரர் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார்.

தளத்தில் கால் பட்டதும் மச்சினன் ஓடி வந்து கட்டிக்கொண்டான். "அநியாயம் அத்தான்! சும்மா சிங்கம் மாதிரி போய்க்கிட்டு இருந்தீங்க!"

"பின்னே? இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருந்தா மேடையில உக்காந்திருப்பேன். இந்தம்மா குறுக்க வந்து கெடுத்துட்டாங்க," என்றார் டாக்டர்.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது.

"டாக்டரே சொல்றார் பாருங்க!"

"ரெண்டு மணி நேரமா நிக்கறோம்!"

"மேனேஜரைக் கூப்பிடு!"

மேலாளர் வந்தார். காற்றை அளக்கும் கருவியை எட்டிப் பார்த்தார். கண்டக்டரிடம் திரும்பினார்.

"ஊசி அசையவே இல்ல. போன தடவையும் காத்துன்ன. அதுக்கு முந்தின தடவையும் காத்துன்ன. இன்னொரு புகார் வந்தா இந்த வேலை உனக்கு இல்லைன்னு சொன்னேனா இல்லையா?"

"மேல காத்து இருந்துச்சு சார்," என்றாள் அவள். டாக்டர் பக்கம் திரும்பவே இல்லை.

"இதையேதான் ஒவ்வொரு தடவையும் சொல்ற." மேலாளர் புகார் நோட்டை டாக்டரிடம் நீட்டினார். "பாதியில இறக்கிவிட்டது உங்களைத்தான். முதல்ல நீங்க எழுதுங்க சார்."

மச்சினன் குனிந்து முதுகைக் காட்டினான். "இதுல வெச்சு எழுதுங்க அத்தான். கிழிகிழின்னு கிழிச்சுடுங்க!"

கண்டக்டர் கொக்கிகளை ஒவ்வொன்றாக வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். தன் இடுப்புப் பட்டையை மட்டும் இன்னும் அவிழ்க்கவில்லை.

"என்னங்க யோசனை? எழுதுங்களேன்," என்றாள் மனைவி.

டாக்டர் எழுதினார்.

'காற்று அடிக்கவில்லை. பாதி வழியில் என் கால்கள் நகர மறுத்துவிட்டன. கயிற்றைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு அழுதேன். இந்த அம்மா மேலே வந்து, "கீழ யாருக்கும் தெரிய வேணாம் சார், காத்துன்னு சொல்லிடறேன். முதல்ல வலது காலை எடுங்க" என்று என் காதருகே சொன்னார்.'

கீழே கையெழுத்துப் போட்டார். நோட்டை மச்சினன் கையில் கொடுத்து, அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படிக்கச் சொன்னார்.