பசை டப்பாவுக்குப் பக்கத்து நாற்காலி

ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்கு வெளியே உள்ள செருப்புத் தொழிற்சாலையில், அட்டைகளின் மேல் தேவசேனா மயங்கிக் கிடக்கிறாள். இந்த வாரம் இது இரண்டாம் தடவை. யாரோ தெளித்த தண்ணீர் நெற்றிப் பொட்டைக் கரைத்துக்கொண்டு காதோரம் இறங்குகிறது. தகரக் கூரை வெயிலில் சடசடக்கிறது. அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் பசை டப்பா திறந்திருக்கிறது. நெடி மண்டைக்குள் ஏறுகிறது. அதற்கு நேர் மேலே, காற்றை வெளியே தள்ள வேண்டிய விசிறி ஒட்டடை பிடித்து நிற்கிறது. "வெறும் வயித்தோட பஸ் ஏறினா உழாம இன்னா பண்ணுவா? நாளைலருந்து இவ வர வாணாம்," என்கிறார் சூப்பர்வைசர் சுரேஷ்பாபு.

அதே வரிசையில் செருப்பு ஒட்டும் கல்பனா எழுகிறாள். வீட்டிலேயே முதன்முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள், பி.எஸ்சி. "நானுந்தான் சார் துன்னல. நான் ஏன் உழல?"

"ஒவ்வொரு ஒடம்பு ஒவ்வொரு மாதிரிம்மா."

"போன மாசம் இதே சேர்ல தேன்மொழி உழுந்தா. அப்போ கல்யாணக் கவலைன்னீங்க."

"ஒக்காருடி, உன் வேலையும் பூடும்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கிசுகிசுக்கிறது. கல்பனா உட்காரவில்லை. டிபன் டப்பாவைத் திறக்கிறாள். எல்லோரும் பார்க்க, நின்றபடியே இட்லியைக் கடைசித் துண்டுவரை விழுங்குகிறாள். பிறகு தேவசேனாவின் நாற்காலியை இழுத்து, பசை டப்பாவை ஒட்டி உட்கார்கிறாள்.

"இப்போ துன்னுட்டேன் சார். கவலையும் இல்ல. இங்கியே ஒக்காந்து ஒட்றேன். நான் உழுந்தா இன்னா காரணம்? உழுந்தப்புறம் வாணாம், இப்பவே சொல்லிடுங்க."

சுரேஷ்பாபு வாயைத் திறக்கிறார். அதற்குள் அவர் கண் மேலே விசிறிக்குப் போய்விடுகிறது. அது போன இடத்தை எல்லோரும் பார்க்கிறார்கள்.