பிடியோடு போன படகு

மணியம்மாள் இரண்டு கால்களையும் படகுக்குள் வைத்துவிட்டாள். கைகளைத்தான் எடுக்கவில்லை.

அவை படகுத்துறையில் நின்ற கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்திருந்தன. அன்று காலைதான் பழவேற்காட்டில் வந்து இறங்கிய புதுக் கைப்பிடி. பளபளவென்று எஃகுக் குழாய், அடியில் கனத்த இரும்புத் தகடு, தகட்டுக்குக் கீழே ரப்பர். எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போய் வைத்து, அதைப் பிடித்துக்கொண்டு படகில் ஏறலாம், இறங்கலாம்.

ஊரில் யாரும் இதைக் கேட்கவில்லை. மீன்கூடையோடு படகுக்குப் படகு தாவுகிற ஜனம் அது. ஆனாலும் திறந்து வைக்க ஒரு பெண் அதிகாரி வருகிறார் என்பதால், மீனவர் சங்கத் தலைவர் கிருஷ்ணன் கைப்பிடிக்குச் சாமந்தி மாலை போட்டு, குங்குமம் வைத்து, முரளியைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்.

முரளி போன வாரம்தான் அந்தத் துறையில் படகு ஓட்ட வந்தவன். இரக்க குணம் அதிகம்.

அந்த அம்மாள் திருப்பாலைவனத்திலிருந்து பஸ்ஸில் வந்ததாகச் சொன்னாள். கைப்பிடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு திடீரென்று அழுதாள். அக்கரைக் குப்பத்தில் மகளைப் பார்க்கப் போக வேண்டுமாம், தண்ணீரைப் பார்த்தாலே கைகால் உதறுகிறதாம். நெல் விளைகிற ஊர்க்காரி, பயம் இருக்கத்தானே செய்யும், ஒரு தடவை பிடித்து ஏறிக்கொள்ளட்டும் என்று முரளி விட்டுவிட்டான்.

இப்போது படகு மெல்ல விலகிக்கொண்டிருந்தது. கைப்பிடி கரையில், கால்கள் படகில். நடுவில் மணியம்மாள் நீண்டுகொண்டே போனாள்.

"கைய வுடு யம்மா," என்று கிருஷ்ணன் கத்தினார்.

"வுட்டா வுழுந்துடுவேன்யா."

அதற்குள் அது உண்மையாகவும் ஆகிவிட்டிருந்தது.

கூட்டம் சேர்ந்தது. ஒருவர் அவளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். இன்னொருவர் திறக்கச் சொன்னார். இறால் விற்றுக்கொண்டிருந்த லோகநாயகி வந்து அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். சுண்டு விரலைப் பிரித்துவிட்டு மோதிர விரலுக்குப் போவதற்குள் சுண்டு விரல் மறுபடி ஒட்டிக்கொண்டது.

கடைசியில் கைப்பிடியையே தூக்கிப் படகில் வைத்தார்கள். மாலையோடு.

"எறக்கி வுட்டுட்டு சட்டுனு எடுத்தாந்துடு. மேடம் பொன்னேரி தாண்டிட்டாங்க," என்றார் கிருஷ்ணன்.

அக்கரையில் துறை கிடையாது, சேறுதான். முரளி கைப்பிடியைச் சேற்றில் ஊன்றினான். மணியம்மாள் அதைப் பிடித்துக்கொண்டு நல்லபடியாக இறங்கினாள். விடவில்லை.

"வழுக்குது நைனா. கெட்டி மண்ணு வர்ற வரிக்கும் எடுத்தா."

கெட்டி மண் வந்தது. வெயிலில் தலை சுற்றுகிறது என்றாள். முரளி தகட்டுப் பக்கத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அவள் குழாயைப் பிடித்தபடி பின்னால் வந்தாள். மாலையும் குங்குமமுமாக ஏதோ போகிறதே என்று, நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் போட்டுக்கொண்டார்கள். ஒரு வீட்டிலிருந்து கற்பூரத் தட்டே வந்துவிட்டது. முரளி என்ன செய்வான். நின்று காட்டிவிட்டு நடந்தான்.

மகள் வீடு கடைசி வீடு. உள்ளே கட்டிலில் வெண்ணிலா படுத்திருந்தாள். சின்னப் பெண். தை மாதம் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்ததிலிருந்து இப்படித்தானாம். எழுந்து நின்றுவிட்டால் சுவரைப் பிடித்து நடந்துவிடுவாள். எழுவதுதான் முடியவில்லை. புருஷன் தொழிலுக்குப் போய்விட்டால், கொல்லைப்பக்கம் போகக்கூடப் பக்கத்து வீட்டில் யாராவது வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

மணியம்மாள் கைப்பிடியைக் கட்டிலோரம் வைக்கச் சொன்னாள். கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் திருப்பி, மகளின் முழங்கை உயரத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகுதான் கையை எடுத்தாள்.

வெண்ணிலா பிடித்தாள். உதட்டைக் கடித்தாள். குழாய் ஒரு தரம் முனகியது, தகடு அசையவில்லை. அவள் எழுந்து நின்றாள்.

அவள் சுவரைத் தொட்டு, ஒவ்வொரு அடியாக, கொல்லைக் கழிப்பறையை நோக்கிப் போனாள். தானே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. மணியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முரளியின் போன் அடித்தது. கிருஷ்ணன்.

அவன் சாத்திய கதவைப் பார்த்தான். "அந்தம்மாவுக்கு இன்னும் பயம் தெளியலண்ணா," என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்துவிட்டான். சொன்னது பொய்யில்லை என்றே அவன் நினைத்தான். பாவம், எத்தனை பயத்தோடு இத்தனை தூரம் வந்திருக்கிறாள்.

மாடு கறக்கப் போக வேண்டும் என்று மணியம்மாளும் அவனோடு கிளம்பினாள். கைப்பிடி கட்டிலோரமே நின்றுவிட்டது, வெறுங்கையோடு இவளை எப்படி ஏற்றுவது, கையைப் பிடித்து இழுப்பதா, தூக்கியே வைத்துவிடுவதா என்று வழியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டு வந்தான்.

கரைக்கு வந்ததும் அவள் புடவையை முழங்காலுக்கு மேல் வரிந்து செருகினாள். சேற்றில் இரண்டு எட்டு வைத்தாள். படகின் விளிம்பைத் தொடாமல் ஒரே தாவு. படகு ஆடக்கூட இல்லை.

முரளி வாயைத் திறந்தான்.

"பொறந்தது சுண்ணாம்புக்குளம், இதே ஏரிக்கரைதான்," என்றாள் மணியம்மாள், மூங்கில் கழியை எடுத்துச் சேற்றில் ஊன்றிக்கொண்டே. "ஏறு நைனா. மேடத்தாண்ட நான் பேசிக்கிறேன்."