கடைசி இரண்டு இலக்கங்கள்

"விடை சரியா இருந்திருந்தா விட்டுருப்பேன்ம்மா. தப்பா இருந்தாலும் விட்டுருப்பேன். ஆனா தப்பு என்னோட தப்பா இருக்கு. அதான் கூப்பிட்டேன்" என்றார் பேராசிரியர்.

முதுகலைக் கணிதத்தில் தோராய முறைகள் பாடம் அவருடையது. நேராகத் தீர்க்க முடியாத கணக்கைத் துண்டு துண்டாக நறுக்கி, விடைக்கு எவ்வளவு பக்கத்தில் போய் நிற்கலாம் என்று சொல்லித்தரும் பாடம். கால் மதிப்பெண்ணையும் பிய்த்துப் பிய்த்துக் குறைப்பதால் பிள்ளைகள் அவருக்குத் 'தசமம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அட்டையில் அவர் பெயர் போட்ட அட்டவணைப் புத்தகம் ஒன்று நூலகத்தில் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு முன்னால், துறைக்குக் கணினி வராத காலத்தில், பென்சிலும் தாளுமாகப் போட்ட கணக்கு. ஒவ்வொரு விடையிலும் பத்து இலக்கம். எட்டு சரி, கடைசி இரண்டு தவறு என்று பின்னால் வந்த கணினி காட்டிக்கொடுத்தது. தசமம் அதைத் திருத்தவில்லை, எலிப்பொறியாக அப்படியே விட்டுவைத்தார். வருடா வருடம் அதிலிருந்தே ஒரு கணக்கை எடுத்து, கையால் போட்டு வாருங்கள் என்று வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். பார்த்து எழுதுகிறவர்கள் தவறையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வந்து நிற்பார்கள். இதுவரை ஒன்பது பேர் சிக்கினார்கள். ஒன்பது பேரும் படிப்பை விட்டுப் போனார்கள்.

பத்தாவதாக இந்த மாணவி. நான்கு மணிக்கு ஒழுங்குக் குழு கூடுகிறது. அதற்கான படிவம் மேசைமேல் கிடந்தது. பார்த்து எழுதியவர் பெயர், யாரைப் பார்த்து எழுதினார், பேராசிரியர் கையெழுத்து, அவ்வளவுதான். அதை நிரப்பி அனுப்பினால் அவள் படிப்புக்கு அன்றோடு முழுக்கு.

இரண்டு தடவை நுழைவுத் தேர்வில் தோற்று மூன்றாம் தடவை இடம் பிடித்தவள் அவள். அந்தப் புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்றாள். அழவில்லை, கெஞ்சவும் இல்லை.

"வேற கணக்கு குடுங்க சார். உங்க கண்ணு முன்னாடியே போடறேன்."

முந்தைய ஒன்பது பேரில் ஒருவர்கூட இப்படிக் கேட்டதில்லை. தசமம் இழுப்பறையைத் திறந்து ஒரு பழுப்புத் தாளை எடுத்தார். அட்டவணையின் கடைசிப் பக்கம் அது. இடமில்லை என்று அச்சகத்தார் விட்டுவிட்ட பக்கம். உலகத்திலேயே அந்த ஒரு பிரதிதான் உண்டு. அதிலிருந்து ஒரு கணக்கைப் படித்துச் சொல்லிவிட்டு, விடையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

அவள் சாக்பீஸை எடுத்தாள். வளைகோட்டை இருபது துண்டாக்கினாள். பலகையின் இடது மூலையில் தொடங்கிய எண்கள் வரிசை பிசகாமல் கீழே இறங்கின. உதடு மட்டும் லேசாக அசைந்தது. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு தடவைகூட அழிப்பான் பக்கம் அவள் கை போகவில்லை.

தசமத்தின் டீ ஆறி ஆடை கட்டியது. முதல் தடவையாகக் கடலைப் பார்த்த பிள்ளையைப் போல அவர் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார். எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பார்த்தவர்தான். இப்படி ஒரு கையைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

அவள் விடைக்குக் கீழே கோடு போட்டாள். அவர் உள்ளங்கையை எடுத்துப் பார்த்தார். பத்து இலக்கமும் ஒன்றுபோல இருந்தன, தவறான கடைசி இரண்டும் சேர்த்து.

யாரும் பார்க்காத தாளைப் பார்த்து யாரும் எழுத முடியாது. அவர் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போய், மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் படித்தார். வெட்டவேண்டிய இலக்கம் ஐந்தாக வந்தால் முந்தைய இலக்கத்தில் ஒன்றைக் கூட்ட வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பாடம். இவள் ஓர் இடத்திலும் கூட்டவில்லை.

"அஞ்சு வந்தா ஏன் கூட்டலை?"

"அம்மா கத்துக்குடுத்தது சார். பாதி வந்துடுச்சுங்கறதுக்காக முழுசையும் நம்மளுதுன்னு சொல்லக் கூடாது, விட்டுடணும்பாங்க."

தசமம் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். கை நடுக்கம் வந்து பென்சில் பிடிக்க முடியவில்லை, இப்போதும் வாயால் கணக்குச் சொல்வார்கள், நான் எழுதுவேன் என்றாள் மாணவி.

"கல்யாணத்துக்கு முன்னாடி இந்தக் கட்டிடத்துலதான் சார் வேலை பாத்தாங்களாம். கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி கீழ்மாடியில இருந்த கணக்குக் கூடத்துல. என்ன வேலைன்னு கேட்டா சிரிச்சுட்டுப் போயிடுவாங்க."

மணி நான்காகப் பத்து நிமிடம் இருந்தது. தசமம் படிவத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தார். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"சார், நான் பாத்து எழுதலையே."

"தெரியும்மா" என்றார். பேனா மட்டும் நிற்கவில்லை.

'பார்த்து எழுதியவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். 'யாரைப் பார்த்து' என்ற இடத்தில், அந்த அட்டவணை முழுவதையும் போட்டுக் கொடுத்துவிட்டு அட்டையில் இடம் கேட்காமல் போன அவளுடைய அம்மாவின் பெயரை, அது என்னவென்று அவளைக் கேட்காமலேயே எழுதிக் கையெழுத்திட்டார்.