ஒரு பெட்டிப் பால்

பிரிக்பீல்ட்ஸ் கருத்தரிப்பு மையத்தில், மோனோரயில் போகும்போதெல்லாம் காலை வெயில் கண்ணாடியில் நடுங்குகிறது. விஷ்ணுப்ரியா கண்மூடிச் சாய்ந்திருக்கிறாள். இதற்கு முன் இரண்டு முறை விந்து சேர்ந்தும் அவளுடைய கருமுட்டை இரண்டாகப் பிரியவில்லை. உள்ளே கால்சியம் அலை எழும்பினால்தான் பிரியும் என்றார் டாக்டர். இந்த முறை கிடைத்த ஒரே முட்டையை நேற்று விந்து சேர்த்து, கால்சியம் மருந்தில் நனைத்து வைத்தார்கள். லோரியை நிறுத்திவிட்டு வந்த கணவன் குரு, குளிர்ந்த பால் பெட்டியை நீட்டுகிறான். “குடி. கால்சியம்.” “முட்டைக்குத்தான் வேணும், எனக்கில்ல லா.” “அது யாரோட முட்டை?” தாதி கதவைத் திறக்கிறாள். “இன்னும் ஒண்ணாத்தான் இருக்கு அக்கா. மத்தியானம் வரைக்கும் பார்ப்போம்.” கதவு மூடிக்கொள்கிறது. குருவின் கை இன்னும் நீட்டியபடியே இருக்கிறது. அவள் பெட்டியை வாங்கி, ஸ்ட்ராவைக் குத்தி, பசியில்லாமல் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறாள்.