முப்பதாம் நாள் லீவு

குளத்தங்கரைப் பாசிக்கல் கொக்குக்கே சொந்தம் என்று கீழ்க்கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டது. அந்தக் கல்லிலேயே பிறந்து வளர்ந்த நத்தை விடுவதாக இல்லை. அப்பீல் செய்ய முப்பது நாள் அவகாசம் இருந்தது. மனுவை ஓட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு அன்றைக்கே புறப்பட்டது.

முப்பதாம் நாள் காலை யானையாரின் பெரிய கோர்ட்டை அடைந்தபோது கதவு பூட்டியிருந்தது.

“இன்னைக்கு முதல் மழைத் திருநாள், கோர்ட் லீவு!” என்று கூரை மேலிருந்து கொக்கு சிரித்தது. “உன் கெடு இன்னையோட முடிஞ்சுது. வந்த வழியே போய்ச் சேரு.”

நத்தைக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை. கதவிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது.

மறுநாள் கதவு திறந்ததும் கொக்கு முந்திக்கொண்டது. “ஐயா, ஒரு நாள் தாமதம்! மனுவைத் தள்ளுபடி பண்ணுங்க.”

யானையார் காலண்டரைப் பார்த்தார். “நேத்து கதவைப் பூட்டினது யாரு?”

“நீங்கதான் ஐயா.”

“கடைசி நாள் லீவுல விழுந்தா, கோர்ட் திறக்கிற நாள்ல மனு கொடுக்கலாம். சட்டமே அப்படித்தான்.”

மனுவை வாங்கி முத்திரை குத்தினார். வழக்கு முடியும்வரை நத்தை கல்லிலேயே இருக்கலாம் என்றும் உத்தரவு போட்டார். கொக்கு விருட்டென்று பறந்துபோனது.

“விசாரணை எப்போ ஐயா?” என்றது நத்தை.

“தொண்ணூறு நாள் கழிச்சு.”

நத்தை மனசுக்குள் கூட்டிப் பார்த்தது. ஊருக்குப் போக முப்பது, திரும்பி வர முப்பது. நடுவில் ஒரு மாசம் முழுக்கக் கல்லில் உட்கார்ந்து பாசி தின்னலாம்.

“ரொம்ப சந்தோஷம் ஐயா,” என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பியது.