கண் சொக்கும் நேரம்

தாலுகா ஆபீஸ் வாசலில், தகரக் கொட்டகையில் உட்கார்ந்து மனு டைப் அடித்துத் தரும் மங்களேஸ்வரிக்கு மத்தியானம் மூன்று மணியானால் கண் சொக்கிவிடும். சோற்றைக் குறைத்துப் பார்த்தாள், முகம் கழுவிப் பார்த்தாள், கிராம்பைக் கடித்துப் பார்த்தாள்; அந்தத் தூக்கம் எதற்கும் அசரவில்லை. ஆனால் முப்பது வருஷப் பழக்கம், தலை தொங்கினாலும் விரல்கள் நிற்காது.

அன்றைக்கு ரேஷன் கார்டில் விலாசம் மாற்ற ஒரு பெண் வந்தாள். அவள் பைக்குள் கையை விட்டுக் கார்டைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மங்களேஸ்வரியின் இமைகள் மூடிக்கொண்டன. வரி முடிந்து மிஷினில் மணி அடித்தபோதுதான் திடுக்கிட்டு விழித்தாள். தாளில் நாலு வரி ஓடியிருந்தது. அவள் தினமும் அதிகம் அடிப்பது வாரிசுச் சான்றிதழ் மனு; விரல்கள் அதையே அடித்து வைத்திருந்தன.

"கோவிச்சுக்காதம்மா, தூக்கத்துல வேற மனு அடிச்சுட்டேன்."

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். இறந்தவர் பெயர்: செபஸ்தியான். வயது: 34.

"இது எங்க வீட்டுக்காரர் பேராச்சே. நான் இன்னும் கார்டையே எடுக்கலையேக்கா?"

மங்களேஸ்வரி தாளை உருவிக் கசக்கினாள். "அவரு எங்கம்மா?"

"அதோ, ரோட்டோரமா வண்டியில உக்காந்திருக்காரு."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். புங்கமரத்து நிழல் அவரை விட்டு எப்போதோ நகர்ந்து போயிருந்தது. கொளுத்தும் வெயிலில், ஹேண்டில்பார் மேல் கைகளை மடித்து வைத்து, அதில் முகம் புதைத்திருந்தார்.

"சாப்பிட்டா அவருக்கு இப்படித்தான் அசத்தும்," என்றாள் அந்தப் பெண். "ஒரு குரல் குடுத்தா எந்திரிச்சிருவாரு."

அவள் குரல் கொடுக்கவில்லை. கொடுக்கச் சொல்லி மங்களேஸ்வரியும் சொல்லவில்லை.