தலைமாடு

"கட்டில் தலைமாட்டுல செங்கல் வெச்சீங்களா?" என்று கேட்டார் மண்டி மொஹல்லாப் பேட்டையின் டாக்டர் செலின்.

"ரெண்டு காலுக்கும் வெச்சாச்சுங்க," என்றாள் காவேரி. அவள் கணவன் நஞ்சப்பன் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அப்பவும் எரியுதா?"

"முன்னைவிட ஜாஸ்திங்க," என்றான் நஞ்சப்பன். "படுத்தா புளிச்ச தண்ணி தொண்டைக்கே வருது. ஆனா ஃபேக்டரியில நின்னு நின்னு வீங்கின காலு மட்டும் சுத்தமா வத்திருச்சு!"

"ஆசிட் மேல ஏறினா உணவுக்குழாய் உள்பக்கம் புண்ணாயிரும். இன்னொரு செங்கல் வைங்க."

அடுத்த வாரம் நஞ்சப்பனுக்குக் குரலே கம்மிவிட்டது.

"காபி?"

"விட்டுட்டாருங்க."

"மிளகாய்?"

"வீட்லயே இல்லீங்க."

"அப்போ வாய் வழியா குழாய் விட்டுப் பார்த்திரலாம்."

நஞ்சப்பன் அரண்டுபோனான். "வேண்டாமுங்க! வேணும்னா இன்னொரு கல்லு வெச்சுக்கறேன். ஆனா இப்பவே தூக்கத்துல சறுக்கி, கால்மாட்டுப் பலகையில தலை முட்டுதுங்க."

டாக்டரின் பேனா நின்றது. "கால்மாட்டுல எப்படிய்யா தலை முட்டும்?"

காவேரி பொறுமையாக விளக்கினாள். "எங்க ரூம்ல கட்டிலைத் திருப்ப இடமில்லீங்க. தலைமாடு வடக்க இருக்குது. வடக்க தலை வெச்சு யாராச்சும் படுப்பாங்களா, டாக்டரம்மா?"